அம்மாவின் மாத்திரையில் பெரியப்பாவின் பங்கு

ஜூன் 12, புதன்

இன்று அம்மா கூப்பிட்டபோது என் பெயர் இரண்டாக உடைந்தது. "அமிர்த" என்று சொல்லி நின்றாள். மூச்சு எடுத்தாள். பிறகுதான் "வர்ஷினி" வந்தது.

மற்றவர்களுக்கு நான் அமிர்தா. அம்மா மட்டும் முழுப் பெயரையும் சொல்லுவாள். அவள் ஆசைப்பட்டு வைத்த பெயர், ஓர் எழுத்தை விடவும் மனசு வராது. வாசலில் நின்று கூப்பிட்டால் தோட்டத்தின் தென்கோடியில் ஆடு மேய்க்கும் எனக்கும் கேட்கும், பக்கத்துத் தோட்டத்து நாய்க்கும் கேட்கும். இன்று நாய் எழுந்திருக்கவில்லை.

போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு போடச் சொன்னாள். போட்டேன்.

ஜூன் 20, வியாழன்

இருமல் நிற்கவில்லை. திருச்செங்கோட்டு டாக்டர் சளி மருந்து கொடுத்தார். இளஞ்சிவப்பு நிறம். அம்மா குடித்துவிட்டு, "ருசியா இருக்குது, நீயும் ஒரு மூடி குடிக்கிறயா?" என்றாள்.

ஜூலை 4, வியாழன்

ஈரோட்டில் பெரிய ஆஸ்பத்திரி. அம்மாவின் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். ஊசி விட்டு நுரையீரலிலிருந்து ஒரு துணுக்கும் எடுத்தார்கள். டாக்டர் ஒரு பெண். "வீட்ல பீடி, சிகரெட்டு?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"எனக்கு இல்லீங்க. அண்ணன் குடிப்பாருங்க."

"உங்களைக் கேக்கலை. உங்க சம்சாரத்தைக் கேட்டேன்."

அப்பா சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. அதனால் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு எவ்வளவு நாளாக மூச்சு வாங்குகிறது என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். "தரையைப் பாத்துச் சொன்னா எனக்கு எப்படிம்மா கேக்கும்?" என்றார். என் குரல் அப்படித்தான். பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான். ஒன்பதாம் வகுப்பில் தினமும் போனேன். வாத்தியார் பெயர் படிக்கும்போது நான் சொன்ன "உள்ளேன் ஐயா" அவர் மேசை வரை போய்ச் சேரவில்லை. வருசக் கடைசியில் வருகை போதாது என்று பரீட்சை எழுத விடவில்லை. அப்பா போய்க் கேட்டார். "உங்க பொண்ணு பள்ளிக்கூடமே வர்றதில்லீங்களே" என்று வாத்தியார் சொன்னபோது நான் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஜூலை 10, புதன்

புற்றுநோய்தான்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே வீடுதான், நடுவில் சுவர் எழுப்பியது. பெரியம்மா அம்மாவைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய், "ருக்கு, எங்கிட்டச் சொல்லு. களவாப் பீடி குடிச்சியா?" என்று கேட்டாள்.

"இல்லீங்கக்கா."

"ஒண்ணு ரெண்டு?"

"சாமி சத்தியமா இல்லீங்கக்கா."

பெரியப்பாவுக்குத்தான் கோபம். "நாப்பது வருசமாக் குடிக்கிறது நானு. சீக்கு வந்தது அவளுக்கா?" என்று அப்பாவிடம் கேட்டார். யாரோ அவர் எல்லைக்கல்லைத் தள்ளி நட்டுவிட்ட மாதிரி இருந்தது முகம். "அவளுக்குப் படம் எடுத்தீல்ல? எனக்கும் எடு."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லீங்களேண்ணா."

"இருக்குதோ இல்லையோ. ஒரு பக்கம் எடுத்தா மறு பக்கமும் எடுக்கோணும்."

எங்கள் வீட்டில் அப்படித்தான். தாத்தா இறந்தபோது எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தார்கள். அப்பா பிரிப்பார், பெரியப்பா எந்தப் பங்கு வேண்டுமோ அதை எடுத்துக்கொள்வார். நிலம் அப்படிப் பிரிந்தது. கிணறு ஒரு நாள் எங்களுக்கு, ஒரு நாள் அவர்களுக்கு. எருமையின் காலைப் பால் எங்களுடையது, சாயங்காலப் பால் அவர்களுடையது. தாத்தாவின் குடை ஒரு மழைக்காலம் இங்கே, ஒரு மழைக்காலம் அங்கே. போன வருசம் எங்கள் முறை. மழையே பெய்யவில்லை. அதைப் பெரியப்பா இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

ஜூலை 18, வியாழன்

பெரியப்பாவுக்குப் படம் எடுத்தார்கள். அவருக்கும் இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது பெரியம்மா அழுதாள். பெரியப்பா ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டே வந்தார். "நாஞ் சொன்னனா இல்லையா?" என்று அப்பாவிடம் மூன்று நான்கு தடவை கேட்டார். ஆனால் சங்ககிரி வந்தபோது வெளியே பார்த்தபடி அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை.

ஜூலை 25, வியாழன்

பெரியப்பாவிடமிருந்தும் துணுக்கு எடுத்தார்கள். இரண்டையும் மெழுகில் பதித்து பெங்களூருக்கு அனுப்புகிறார்களாம். "அவளுது எந்த ஊருக்குப் போகுது?" என்று நர்சைக் கேட்டார். அதே ஊர் என்றதும்தான் சட்டையைப் போட்டார்.

ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று அவர்களுக்கு.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பெங்களூரிலிருந்து முடிவு வந்துவிட்டது. பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான், எல்லோரும் டாக்டர் அறையில் நின்றோம். நாற்காலி இரண்டுதான். ஒன்றில் அம்மா, ஒன்றில் பெரியப்பா.

"ரெண்டு பேருக்கும் நுரையீரல் புத்துநோய்தான். ஆனா உள்ளுக்குள்ள ரெண்டும் வேற வேற," என்றார் டாக்டர்.

"ஒரே குடும்பமுங்களே?" என்றார் அப்பா.

"அண்ணனுக்கும் தம்பி சம்சாரத்துக்கும் என்னங்க ரத்த சொந்தம்?" என்று கேட்டுவிட்டு டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "தோட்டத்துல மோட்டார் இருக்குதா?"

"இருக்குதுங்க. ஒரு நாள் எங்களுது, ஒரு நாள் அண்ணனுது."

"ஸ்டார்ட்டர்ல சுவிட்சு ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்?"

"நிக்காம ஓடுமுங்க. தண்ணி வரப்புத் தாண்டிப் போயிரும்."

"அம்மாவுக்கு அதான். செல்லை வளரச் சொல்ற சுவிட்சு ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பீடியே தொடாதவங்களுக்கு, அதுலயும் பொம்பளைங்களுக்கு, இது அதிகமா இருக்குது. ஆம்பளைங்களுக்கும் வரும், ஆனா கம்மி. ஏன் இப்படின்னு இன்னும் முழுசாத் தெரியாது. அடுப்புப் புகையா, பொம்பளை உடம்புல ஓடுற ஹார்மோனா, வேற ஏதாவதா, தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா அந்த சுவிட்சை அமத்த மாத்திரை இருக்குது. வீட்லயே சாப்பிடலாம்."

"எனக்கு?" என்றார் பெரியப்பா.

"உங்களுக்கு அந்த சுவிட்சு நல்லாத்தான் இருக்குது. இத்தனை வருசம் புகை போனதுல வயரிங் பல இடத்துல கருகிப்போச்சு. நல்லா இருக்கிற சுவிட்சை அமத்தி என்ன பண்றது? உங்களுக்கு டிரிப்ஸ்ல மருந்து ஏத்தணும். முடி கொட்டும், அப்புறம் முளைச்சிரும்."

பெரியப்பாவின் கை மீசைக்குப் போனது.

"மாத்திரையை முழுசா முழுங்கணும், தினமும்," என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். "அளவு குறைஞ்சா மோட்டார் மறுபடி ஓட ஆரம்பிச்சிரும். அப்புறம் நிறுத்தறது கஷ்டம்." அம்மா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். என்னை யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெரியப்பா பங்கு கேட்டு வந்தார்.

"வீட்டுக்கு வர்றது எதுவா இருந்தாலும் ரெண்டு பங்குதான? அப்பன் சாகறப்ப என்ன சொன்னாரு?"

"அண்ணா, அது உங்களுக்குக் கேக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களேண்ணா."

"அந்தம்மாளுக்கு நம்ம பாகப்பிரிவினை தெரியுமா? என்ற வயரிங் கருகிருச்சாமா! வயரிங்கை எவன் உள்ள போய்ப் பாத்தான்?"

"முழுசா முழுங்கச் சொன்னாங்கண்ணா. பாதியா அறுத்தா..."

"மலைமேல சாமியே ஒரு பக்கம் ஆம்பளை, ஒரு பக்கம் பொம்பளைன்னு பாதிப் பாதியா நிக்கிது. உன்ற பேரே அர்த்தநாரி. மாத்திரை பாதியானா சாமிக்குத்தமா?"

அப்பா மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் ஊரில் இதை யாராலும் மறுக்க முடியாது. அப்பாவைச் சின்ன வயசில் தோளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போனவர் பெரியப்பா. அவர் எதிரே அப்பா இன்னும் அந்தத் தோளிலிருந்து இறங்கவில்லை.

"குடுத்துருங்க," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "ஒரு மாத்திரைக்காக அண்ணந்தம்பி மூஞ்சியத் திருப்பிக்க வேண்டாம்." பிறகு இருமினாள். அவள் இருமி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். முடித்ததும் பெரியப்பா, "பாத்தியா, அவளே சொல்லீட்டா," என்றார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் நான் அட்டையிலிருந்து மாத்திரையை எடுத்துத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன். பழுப்பு நிறம், வட்டம். அப்பா பாக்குவெட்டியால் அறுத்தார். வெட்டு கோணலாகி ஒரு பாதி பெரிதாகிவிட்டது. பெரியப்பா குனிந்து, கண்ணைச் சுருக்கி இரண்டையும் பார்த்துப் பெரியதை எடுத்துக்கொண்டார். "டிரிப்ஸ் வேண்டாம்னு போன் பண்ணிரு," என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தட்டில் கொஞ்சம் தூள் மிச்சம். அம்மாவின் விரலைப் பிடித்துத் தொட்டு எடுத்து அவள் நாக்கில் வைத்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அதே.

ஆகஸ்ட் 14, புதன்

கிராமத்து நர்சக்கா வந்தார். என் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "உனக்கு ரத்தமே இல்லையே அம்மிணி," என்று இரும்புச்சத்து மாத்திரை நிறையக் கொடுத்தார். நான் விழுங்க மறந்துவிடுவேன் என்று போன முறை போலவே திட்டினார்.

அதுவும் பழுப்புதான். வட்டம்தான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலையில் தட்டு கொண்டுவந்தேன். அப்பா அறுத்தார். பெரியப்பா பெரியதை எடுத்துக்கொண்டார். அம்மா சின்னதை எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கும் ரத்தம் குறைவுதான்.

பிறகு அடுப்படியில் அம்மாவுக்குக் கஞ்சியும், அட்டையிலிருந்து எடுத்து வைத்திருந்த முழு மாத்திரையும் கொடுத்தேன். டம்ளரைத் தாழ வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஆட்டுக்குட்டியைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

அம்மாவின் முகமெல்லாம் பரு. கன்னத்தில், மூக்கில், நெற்றியில். வயசுப் பெண் மாதிரி இருக்கிறாள். எனக்கு ஒன்றுகூட இல்லை. டாக்டருக்குப் போன் செய்தோம். மருந்து உடம்பில் சேர்ந்தால் பரு வரும், பயப்பட வேண்டாம், பூசிக்கொள்ளக் களிம்பு தருகிறேன் என்றார்.

இது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. பெரியப்பா கண்ணாடியை வெளிச்சத்துக்கு எடுத்துவந்து முகம் முழுக்கத் தேடினார். பெரியம்மாவையும் தேடச் சொன்னார். கழுத்தில் ஒன்று கிடைத்தது. அது மரு, பிறந்ததிலிருந்து இருக்கிறது என்று பெரியம்மா சொல்லிவிட்டாள்.

"பெரிய பாதி எனக்கு. பரு அவளுக்கா?" என்று கேட்டபடி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான் எப்போதும் தரையைத்தான் பார்ப்பேன், அதனால் வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஆகஸ்ட் 29, வியாழன்

பெரியப்பா சந்தோசமாக வந்தார். சுவரோரம் நின்று அப்பாவைக் கூப்பிட்டார். "டேய், நாலஞ்சு நாளா வெளிக்குப் போனா கருப்பாப் போகுதுடா. கரி மாதிரி."

"ஐயையோ. டாக்டரம்மாகிட்டக் கேட்டுருலாமுங்கண்ணா."

"எதுக்கு? சீக்கு வெளிய வருதுடா! நாப்பது வருசப் புகை. வேற என்ன கலர்ல வரும்?"

அப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அது சரிதான் என்றார். பெரியம்மா பாயசம் வைத்தாள். பாதி எங்களுக்கு வந்தது.

நர்சக்கா எனக்கும் இதைச் சொல்லித்தான் கொடுத்தார், கருப்பாகப் போனால் பயப்படாதே என்று. நான் பாயசம் குடிக்கவில்லை.

செப்டம்பர் 7, சனி

அம்மா கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கிவந்தாள். நடுவில் ஒரு தரம்தான் இறக்கி வைத்தாள்.

பெரியப்பா பீடியை விட்டுவிட்டார். விட்டதாகச் சொல்லவில்லை, பற்றவைத்தால் இழுக்க முடியவில்லை. சும்மா விரலிடுக்கில் வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 12, வியாழன்

துணி துவைக்கும் கல்லில் பெரியம்மா ஒரு துண்டை மட்டும் தனியாகக் கசக்கிக்கொண்டிருந்தாள். நான் போனதும் பக்கெட்டுக்குள் அமுக்கினாள். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது, அன்றைக்குக் குடித்த சளி மருந்து மாதிரி.

"பெரியப்பாவுக்குங்களா?" என்று கேட்டேன்.

"என்ன சொல்ற? கேக்கலை," என்றாள். இந்த முறை நிஜமாகவே கேட்கவில்லையா என்று தெரியவில்லை. "டிரிப்ஸுக்கு வரச்சொல்லி அந்தம்மா போன் மேல போன் போடுது. இந்த மனுசன் எனக்கு மாத்திரை போதும்கிறாரு. மாத்திரைதான் கேக்குதே, கருப்பாப் போகுதேங்கிறாரு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

நான் வீட்டுக்கு வந்து பரணிலிருந்து குடையை இறக்கித் துடைத்து வைத்தேன். இந்த வருசம் அவர்கள் முறை. மழை வந்தால் பெரியப்பா பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தேங்காய் பிரித்த நாள். அப்பா வாசலில் இரண்டு குவியலாகப் போட்டார். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து, இருமிக்கொண்டே, எந்தக் குவியல் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா சாக்குப் பிடித்து நின்றாள். அம்மா முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன்.

"என்ன?" என்றார் பெரியப்பா. "வாய்க்குள்ளயே சொன்னா? சத்தமாச் சொல்லு."

மறுபடி சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அம்மாளோட மாத்திரையில பாதி உங்களுதுன்னா, உங்களுக்கு ஏத்தற டிரிப்ஸுல பாதி அம்மாளோடதுங்களா பெரியப்பா?"

குவியலிலிருந்து ஒரு தேங்காய் உருண்டு பெரியப்பாவின் காலடியில் போய் நின்றது.

"அதெப்படி?" என்றார் அவர். "அது என்ற துணுக்கை எடுத்து, என்ற பேருல, என்ற வயரிங்குக்குன்னு வந்த மருந்து."

"வந்தது வீட்டுக்குத்தானுங்களே," என்றேன். அதற்குமேல் என்னிடம் குரல் இல்லை.

அப்பா கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவை நேராகப் பார்த்தார். நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. "நியாயம்தானுங்கண்ணா. நான் பிரிக்கிறேன், நீங்க எடுத்துக்கங்க. படியை எடுத்துட்டு வந்தர்றேன்."

"மருந்தைப் படியிலயா அளப்பே?"

"பாலைப் படியிலதானுங்களே அளக்கறோம்."

அம்மா முறத்தை நிறுத்திவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தாள். "பங்குன்னா பங்குதானுங்க மாமா. எனக்கு வேண்டாம்னு விட்டா நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? எப்பப் போலாமுங்க ஆஸ்பத்திரிக்கு? நான் நாளைக்கே கெளம்பீருவேன்."

பெரியப்பா எழுந்தேவிட்டார். "ஏத்தறதா இருந்தா முழுசா எனக்குத்தான் ஏத்தோணும்! ஒரு சொட்டு தரமாட்டேன்!"

"மீசை போயிருமுங்கண்ணா," என்றார் அப்பா மெதுவாக.

பெரியப்பா நின்றார். கை மேலே போனது. மீசையைத் தொட்டார். அம்மாவைப் பார்த்தார். அம்மா காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"போனாப் போகுது," என்றார்.

பிறகு பங்காளிப் பேச்சு முறைப்படி நடந்தது. அவரவர் துணுக்குக்கு வந்த மருந்து அவரவருக்கு. மாத்திரை முழுசும் அம்மாவுக்கு, டிரிப்ஸ் முழுசும் பெரியப்பாவுக்கு. ஒரு பக்கத்தார் இன்னொரு பக்கத்து மருந்தில் உரிமை கோரக்கூடாது. பெரியம்மா கற்பூரம் ஏற்றினாள். பெரியப்பா தேங்காயில் பெரிய குவியலை எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 16, திங்கள்

அம்மா எழுவதற்குள் பெரியப்பா முதல் பஸ்ஸில் ஈரோட்டுக்குப் போய்விட்டார்.

பாக்குவெட்டியைக் கழுவிப் பாக்குக் கூடையில் போட்டேன். மிச்ச இரும்புச்சத்து மாத்திரையை நானே விழுங்க ஆரம்பித்திருக்கிறேன்.

செப்டம்பர் 18, புதன்

பெரியப்பா இரண்டு நாள் தங்கி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். முகம் வெளுத்து, பெரியம்மாவின் தோளில் கை போட்டு நடந்துவந்தார். ஆனாலும் எங்கள் வாசலில் நின்று, "பாட்டலைத் தலைகீழாத் தட்டிப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஒரு சொட்டு விடலே," என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 27, வெள்ளி

"இப்ப கருப்பாப் போறதில்லைடா," என்றார் அப்பாவிடம். "டிரிப்ஸு போயி எல்லாத்தையும் கழுவி உட்டுருச்சு."

அது சரிதான் என்றார் அப்பா.

அக்டோபர் 10, வியாழன்

பெரியப்பாவின் தலையணையில் மீசை உதிர்ந்திருந்தது. மிச்சத்தை அவரே வழித்துவிட்டார். மேல் உதடு இவ்வளவு நாள் வெயில் படாமல் வெள்ளையாக இருந்திருக்கிறது. துண்டால் மறைத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

மத்தியானம் அப்பா கண்ணாடி முன்னால் நின்று தன் மீசையை வழித்தார். அம்மா கேட்டதற்கு, "ஒரு பக்கம் போனா மறு பக்கமும் போகோணுமில்ல?" என்றார். பிறகு சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். பெரியப்பா சிரிப்பது கேட்டது. சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். "டேய், நீ அப்படியே நம்ம அம்மா மாதிரி இருக்கறடா," என்றார்.

அக்டோபர் 17, வியாழன்

இருவருக்கும் படம் எடுத்தார்கள். பெரியப்பாவுடையது வளராமல் நிற்கிறது. அம்மாவுடையது பாதியாகியிருக்கிறது. "மீதிப் பாதி எங்க போச்சு?" என்று பெரியப்பா டாக்டரைக் கேட்டார். அது தன் பக்கம் வரவில்லை என்று டாக்டர் உறுதி சொன்ன பிறகுதான் எழுந்தார்.

அக்டோபர் 20, ஞாயிறு

மழை பெய்து விட்டிருந்தது. குடை அவர்கள் முறை. பெரியப்பா தூறல் நின்ற பிறகும் அதைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றிருந்தார்.

நான் தென்கோடியில் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா வாசலுக்கு வந்தாள். "அமிர்தவர்ஷினி!" என்று கூப்பிட்டாள். பக்கத்துத் தோட்டத்து நாய் எழுந்து நின்றது.

கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, காதில் விழாதவள் மாதிரி நின்றேன், இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று.